ஒயரை விடுங்கள், கயிற்றைப் பிடியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பதில் சொல்பவர் ராணுவத்தின் பொறியாளர் படையைச் சேர்ந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், வீடு பெங்களூரு அல்சூரில். இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஐ.டி. வளாகங்களில் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சிவப்பு ஒயரா, நீல ஒயரா? எதை வெட்டுவது என்று நிஜத்தில் எப்படி முடிவு செய்வீர்கள்?
– கல்லூரி மாணவர், கம்மனஹள்ளி

வந்த கடிதங்களில் இந்தக் கேள்விதான் அதிகம், தம்பி. ஃபேஸுக்கு ஒரு நிறம், நியூட்ரலுக்கு ஒரு நிறம், எர்த்துக்குப் பச்சை என்று ஒழுங்காக இழுத்து வைக்க, குண்டு வைக்கிறவன் லைசென்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன் இல்லை. எஸ்.பி. ரோடு மின்சாமான் கடையில் ஒரு சுருள் வாங்கினால் முழுச் சுருளும் ஒரே நிறம். அதையே எல்லா இடத்துக்கும் ஓட்டியிருப்பான். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்படி முடிவு செய்கிறவன் எங்கள் தொழிலில் நிலைக்க மாட்டான்.

00:07, 00:06 என்று சிவப்பு எண்கள் இறங்குமே, அது தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்காக வைத்தது. இன்னும் எத்தனை வினாடி இருக்கிறது என்று எனக்குத் தகவல் சொல்வதில் அவனுக்கு என்ன லாபம்? எப்போது வெடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. அதனாலேயே அதோடு ஓட்டப்பந்தயம் ஓடுவதில்லை. ஜனங்களை அப்புறப்படுத்தியாயிற்று, சுற்றி வளையம் போட்டாயிற்று என்றால் அடுத்த வேலை பல சமயம் சும்மா காத்திருப்பதுதான். உள்ளே டைமர் இருந்தால் தன்பாட்டுக்கு ஓடி வெடித்துத் தொலையட்டும். ஒரு சுவர் போகும், இரண்டு ஸ்கூட்டர் போகும். சுவரைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

படத்தில் ஹீரோ குண்டுக்குப் பக்கத்தில் போகிற காட்சிக்குத்தான் விசில். எங்களிடம் ஒரு ஆள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையால் வேலை செய்கிறான் என்றால், அதற்கு முன்பு இருந்த வழியெல்லாம் அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது வெடிக்க விடவே முடியாத இடமாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் போகாமல் எப்படிச் செய்வீர்கள்? நம்மிடம் ரோபோ எல்லாம் இருக்கிறதா?
– இல்லத்தரசி, ஜோகுபாளையா

இருக்கிறது அம்மா. இந்த வகையில் முதல் ரோபோவை 1972-ல் பிரிட்டிஷ் ராணுவம் வட அயர்லாந்து கலவரத்துக்காகச் செய்தது. மின்சாரத்தில் ஓடும் தோட்டத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை எடுத்துச் செய்தார்கள், அதனால் பெயரும் 'வீல்பாரோ'. நம் ஊரில் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் உருவாக்கிய 'தக்‌ஷ்' 2011-ல் ராணுவத்துக்கு வந்தது. படிக்கட்டு ஏறும், பையை எக்ஸ்-ரே எடுக்கும், 500 மீட்டர் தள்ளி நின்றுகூட இயக்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் எனக்குப் பிடித்த கருவி கயிறுதான். ஒரு பெட்டி. உள்ளே விதவிதமான கொக்கி, கவ்வி, சின்னக் கப்பி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உறிஞ்சி, நீட்டிக்கொள்ளும் கம்பு, நீளமான நைலான் கயிறு. ஒருவர் மட்டும் போவார். எப்போதும் ஒருவர்தான், இரண்டு பேர் போய் இரண்டு பேரும் சாவதில் புத்திசாலித்தனம் இல்லை. பையின் கைப்பிடியை அசைக்காமல் கொக்கியை மாட்டுவார். பக்கத்துத் தூணில் கப்பியைக் கட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி, ஒரு கனமான சுவருக்குப் பின்னால் வந்து இழுப்பார். பை நகரும், கவிழும், பெஞ்சிலிருந்து கீழே விழும். அசைத்தால் வெடிக்கிற ஏற்பாடு உள்ளே இருந்தால் அப்போதே வெடித்துவிடும். வெடிக்கவில்லையா, மறுபடி காத்திருக்க வேண்டும். இதைக் கேமராவில் எடுத்தால் யார் பார்ப்பார்கள்? கயிற்றை இழுக்கிற ஒருவர், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு யாருமே இல்லாத பஸ் ஸ்டாண்டு.

அடுத்தது தண்ணீர்த் துப்பாக்கி. ஒரு தடித்த குழலில் தண்ணீரை நிரப்பி, தோட்டா வைத்துச் சுடுவது. அந்தத் தண்ணீர் பையைக் கிழித்துக்கொண்டு போய், குண்டின் மின்சுற்று விழித்துக்கொள்வதற்கு முன்பே அதைப் பிய்த்து எறிந்துவிடும். ஜம்மு பக்கம் ஒரு பேருந்து நிலையத்தில் இப்படித்தான் ஒரு ரெக்சின் பை. எக்ஸ்-ரேயில் உருண்டையாக, உலோக மூடியோடு ஏதோ ஒன்று, பக்கத்தில் சுருட்டிய ஒயர். கேட்க ஆளில்லை. சுட்டோம். பின்சுவர் முழுக்க மாங்காய் ஊறுகாய். ஒயர் என்று நினைத்தது மொபைல் சார்ஜர். கொஞ்ச நேரத்தில் வளையத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெரியவர் கத்திக்கொண்டே வந்தார், பை அவருடையது. டீ குடிக்கப் போயிருந்தாராம். நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எங்கள் ஹவில்தார் ஒருவர் கேன்டீனிலிருந்து ஊறுகாய் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்பினார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நாங்கள் சுட்டதும் சரிதான்.

என் மகன் (மூன்றாம் வகுப்பு) கேட்கச் சொன்னான்: பாம் சூட் போட்டால் ஒன்றுமே ஆகாதா?
– கே.ஆர். புரம்

ஆகும் கண்ணா. அந்த உடையின் எடை 35 கிலோவுக்கு மேல். உன்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பதைவிடக் கஷ்டம். உள்ளே கெவ்லார் துணி அடுக்கடுக்காக, மார்புக்கும் வயிற்றுக்கும் கெட்டியான தகடு, கழுத்தைச் சுற்றி உயரமான காலர். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும் என்பதால் ஹெல்மெட்டுக்குள்ளே ஒரு குட்டி விசிறி ஓடும், அதன் சத்தத்தில் வெளியே பேசுவது சரியாகக் கேட்காது. முட்டி போட்டால் எழுந்திருப்பது பெரிய பாடு. இவ்வளவும் போட்டுவிட்டு இரண்டு கைகளும் வெறுங்கைதான். விரலுக்கு உணர்வு தெரிய வேண்டுமே.

பறந்து வரும் துண்டுகளிடமிருந்தும் தீயிடமிருந்தும் அது காப்பாற்றும், நாம் கொஞ்சம் தள்ளி இருந்தால். பெரிய குண்டை மடியில் வைத்துக்கொண்டால் எந்த உடையும் காப்பாற்றாது. போகிற, திரும்பி வருகிற நடைக்குத்தான் அந்த உடை. படத்தில் ஹீரோ ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார், பார்த்திருப்பாய். இல்லாவிட்டால் அவர் முகம் நமக்குத் தெரியாதே.

கண்ணிவெடி மேல் கால் வைத்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். காலை எடுத்தால் வெடிக்கும் என்று அப்படியே நிற்பார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மாட்டுங்கா, மும்பை

நிற்பதற்கு நேரம் இருக்காது சார். ஆட்களுக்காகப் புதைக்கிற கண்ணிகளில் அநேகமாக எல்லாமே அழுத்தினால் வெடிப்பவை. காலை வைத்தீர்கள், முடிந்தது. அந்த 'டிக்' கதாசிரியர் போட்டது. நண்பனோடு கடைசியாக நாலு வார்த்தை பேச அவகாசம் வேண்டாமா?

நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரில், எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்கிரம் தொடங்கியபோது எல்லையோர வயல்களிலும் பாலைவனத்திலும் பெரிய அளவில் கண்ணி விதைத்தோம். அப்புறம் அதே கைகளால் அதையெல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. வைப்பதைவிட எடுப்பது கொடுமை. ராஜஸ்தானில் காற்று மணல்மேட்டையே நகர்த்திவிடும். வரைபடத்தில் வரிசையாக இருக்கிற கண்ணி, தரையில் வேறெங்கோ ஆழத்தில் கிடக்கும், அல்லது மேலே வந்து இளித்துக்கொண்டிருக்கும். சில வகைகளில் உலோகம் இம்மியளவுதான், டிடெக்டர் திணறும். அப்போது குப்புறப் படுத்து, ஒரு கூரான கம்பியை மண்ணில் சாய்வாக, மெதுவாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். நேர்க்குத்தாகச் செலுத்தினால் கண்ணியின் தலையில் இடிக்கும். சாய்த்துச் செலுத்தினால் அதன் விலாவில் முட்டும். விலாவில் முட்டுகிறவரை பிழைப்பு உண்டு. முட்டினால் நிறுத்தி, விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கல். அடுத்த விரல்கடைக்கு மறுபடி கம்பி. எங்கள் படையில் கை, கால் இழந்தவர்கள் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை, விரிவாகச் சொல்ல இந்தப் பகுதியில் இடம் இல்லை.

பஞ்சாபில் வயலின் சொந்தக்காரர்கள் தினம் வரப்பில் வந்து நிற்பார்கள். எப்போது விதைக்கலாம் என்று அவர்கள் கேட்பது ஒன்றுதான். அந்த வேலையில் எங்களுக்கு மேலதிகாரி அவர்கள்தான் என்று தோன்றும்.

எங்கள் அலுவலகத்தில் ஒத்திகை நடத்தினீர்கள். கட்டடத்துக்கு எதிரே நிற்கக் கூடாது என்று ஏன் அத்தனை கோபமாகச் சொன்னீர்கள்? குண்டு வெடித்தால் நெருப்புப் பந்து அவ்வளவு தூரம் வருமா?
– மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

கோபம்தான் அம்மா, மறைக்க வேண்டியதில்லை. நெருப்புப் பந்து வராது. அந்த ஆரஞ்சு நிற உருண்டை, பெட்ரோலைக் கொளுத்திப் படத்துக்காகச் செய்வது. நிஜக் குண்டில் ஒரு பளிச், அதோடு சாம்பலும் பழுப்புமாகப் புழுதி. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். கொல்வது கண்ணுக்குத் தெரியாத அழுத்த அலையும், அது கிளப்பிவிடுகிற துண்டுகளும். ஆர்.டி.எக்ஸ். வெடிக்கும்போது அந்த மருந்துக்குள் வெடிப்பு வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. வெளியே காற்றில் சீக்கிரம் வேகம் குறையும் என்றாலும், குண்டுக்கு முதுகைக் காட்டி ஸ்லோமோஷனில் நடந்து வர யாராலும் முடியாது.

அந்த அலை கண்ணாடியில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒயிட்ஃபீல்டில் கட்டடம் என்றாலே தரையிலிருந்து மொட்டைமாடி வரை கண்ணாடி. வெடிகுண்டு மிரட்டல் என்றதும் எல்லோரையும் கீழே இறக்கி, தீ விபத்துக்கென்று பச்சைப் பலகை வைத்த இடத்தில் கூட்டி நிறுத்துகிறார்கள். அது எங்கே இருக்கிறது? பத்து மாடிக் கண்ணாடிக்கு நேர் கீழே, அல்லது யார் யாருடைய கார் என்றே தெரியாத பார்க்கிங்கில். தீக்கும் குண்டுக்கும் ஒரே இடம் சரிப்படாது. கண்ணாடி தெரியாத, வண்டி நிற்காத, நடுவில் ஒரு கெட்டியான கட்டடம் மறைக்கிற இடமாக இருக்க வேண்டும். நான் போகிற வளாகம் ஒன்றில் இதை எழுதிக் கொடுத்து நாளாயிற்று. "பார்க்கிறோம் சார்" என்றார்கள். பலகை அங்கேயேதான் இருக்கிறது.

வாசலில் காருக்கு அடியில் கண்ணாடி காட்டுகிற காவலர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி காருக்கு அடியில் இருக்கும், கண் அடுத்த காரின் மேல் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காருக்கு அடியில் இயல்பாக என்ன இருக்கும் என்று யாரும் காட்டிக் கொடுக்காமல், வித்தியாசமாக இருப்பதைக் கண்டுபிடி என்றால் எப்படி? என் முதல் பாடமே ஒரு பழைய காரை ராம்ப்பில் ஏற்றி, இது சைலன்சர், இது டேங்க், இது எதற்கும் சம்பந்தமில்லாத பெட்டி என்று காட்டுவதுதான்.

2010-ல் சின்னசாமி ஸ்டேடியத்தில் குண்டு வெடித்த அன்று நான் கேலரியில் இருந்தேன். வெடித்த பிறகும் மேட்ச் நடந்தது. உங்கள் கருத்து?
– கப்பன் பேட்டை

ஏப்ரல் 17. வெளிச்சுவர்ப் பக்கம் இரண்டு வெடித்து 15 பேர் காயம். மூன்றாவது ஒன்று வெளியே கிடைத்து அதைச் செயலிழக்கச் செய்தார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பித்தது. அத்தனை ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் கேட் வழியாக வெளியே விரட்டுவதும் ஆபத்து, அங்கேதான் மூன்றாவது குண்டும் இருந்தது. எனவே உள்ளே உட்கார வைத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒன்று வெடித்தால் இரண்டாவது எங்கே என்று யோசிப்பதுதான் எங்கள் பழக்கம். 2008-ல் அகமதாபாத்தில் காயம்பட்டவர்கள் வந்து சேர்ந்த மருத்துவமனையிலேயே அடுத்தது வெடித்தது. வெடித்த இடத்தை வேடிக்கை பார்க்க ஓடுகிறார்களே, மொபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படத்தில் குண்டை எடுத்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், படம் முடியும். நிஜத்தில் எப்போது முடியும்?
– தாராவி, மும்பை

உங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். 2008 நவம்பர் 26 தாக்குதலில் சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஜனங்கள் போட்டுவிட்டு ஓடிய பைகளையெல்லாம் சேகரித்துக் குவித்து வைத்திருந்தார்கள். டிசம்பர் 3-ம் தேதி அந்தக் குவியலில் ஒரு பைக்குள் சுமார் 8 கிலோ வெடிமருந்து. ஒரு வாரம் அங்கேயே இருந்திருக்கிறது, அதைச் சுற்றி ரயில் ஓடியிருக்கிறது. எங்கள் பெங்களூரிலும் 2008 ஜூலை 25 தொடர் வெடிப்புக்கு மறுநாள் கோரமங்களாவில் ஒரு மாலுக்கு அருகில் வெடிக்காத குண்டு ஒன்று கிடைத்தது. எனவே கட்டிப்பிடிப்பதற்கு அவசரம் இல்லை.

எடுத்த குண்டும் குப்பையில் போடுகிற பொருள் அல்ல. டேப் ஒட்டிய விதம், சால்டர் வைத்த விதம், எல்லாமே சாட்சி. கோயம்புத்தூரில் 1998 பிப்ரவரி 14 வெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். ஆர்.எஸ். புரத்தில் சுமார் 70 கிலோ வெடிமருந்தோடு ஒரு கார் வெடிக்காமல் நின்றது. குடியிருப்புக்கு நடுவே அதை வெடிக்க விட முடியுமா? நான் முதல் பதிலில் சொன்னேனே, கையால் செய்தே ஆக வேண்டிய இடம் என்று, அது இந்த மாதிரி இடம்தான். அந்த ஊரில் வெடிக்காமல் கிடைத்தவற்றை ராணுவம், தேசியப் பாதுகாப்புப் படை, தமிழ்நாடு கமாண்டோ பள்ளி என்று பல தரப்பும் சேர்ந்துதான் செயலிழக்கச் செய்தார்கள். தனி ஹீரோ யாரும் இல்லை.

மோப்ப நாய் குண்டைக் கண்டதும் குரைக்குமா?
– செம்பூர், மும்பை

குரைத்தால் எங்களுக்கு வேலையே போய்விடும். பிறாண்டவும் கூடாது. வாசம் கிடைத்ததும் அமைதியாக அதன் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும், அப்படித்தான் பழக்குகிறோம். உங்கள் மும்பை போலீஸின் 'ஜஞ்சீர்' என்ற லாப்ரடார், 1993 மார்ச் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உட்கார்ந்து உட்கார்ந்தே 3,300 கிலோவுக்கு மேல் ஆர்.டி.எக்ஸைக் காட்டிக் கொடுத்தது. 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

எங்கள் பள்ளிகளுக்கு மிரட்டல் இ-மெயில் வருவது வாடிக்கையாகிவிட்டது. எல்லாம் பொய் என்று தெரிந்தும் ஏன் ஒவ்வொரு முறையும் சோதனை?
– ஆசிரியை, ஆர்.கே. புரம், டெல்லி

2024 மே 1-ல் உங்கள் பக்கம் ஒரே காலையில் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் எங்கள் பெங்களூரிலும் டஜன் கணக்கில். எல்லாம் புரளி. ஆனால் புரளி என்பது தேடி முடித்த பிறகு கொடுக்கிற பெயர் டீச்சர்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். வகுப்பறையைத் தேடுவதற்கு எங்களைவிட நீங்கள்தான் சரியான ஆள். ஸ்டாஃப் ரூம் அலமாரியில் எந்தப் பை யாருடையது, எந்த டப்பா எப்போதும் அங்கேயே கிடப்பது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள். இது நேற்று இல்லையே என்று தோன்றினால் தொடாதீர்கள், மூடி திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளைத் தூரமாக அழைத்துப் போய், அப்புறம் 112-க்கு அடித்து, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த மூலை என்று சொல்லுங்கள். அதன் பக்கத்தில் நின்று போன் பேசாதீர்கள்.

டைமர் சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது? படம் வரைந்து விளக்க முடியுமா?
– பெயர், ஊர் இல்லாத கடிதம்

முடியாது.

என் பையன் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். தடுக்கவா, அனுப்பவா?
– காய்கறிக் கடைக்காரர், மர்ஃபி டவுன்

அனுப்புங்கள் அண்ணாச்சி, ஆனால் படம் பார்த்து வந்த ஆசையா என்று முதலில் விசாரியுங்கள். ராணுவத்தில் என்ஜினீயர்ஸ் பிரிவு வழியாகப் போகலாம். பயிற்சி புனேவில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில். போலீஸ் வழியாகப் போனால் மாநில வெடிகுண்டுப் பிரிவுகள் இருக்கின்றன. டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டுத் தகவல் மையம் இருக்கிறது.

கை நடுங்காமல் இருக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்பது, ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருவானா என்று. கூடவே கணக்கும் அறிக்கையும் எழுத வர வேண்டும். ஒரு பையை இழுத்துக் கவிழ்த்த கதைக்குப் பத்துப் பக்கம் எழுத வேண்டியிருக்கும்: யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, கொக்கி எந்தப் பக்கம் மாட்டினாய், கயிறு எத்தனை மீட்டர். இங்கிலீஷிலும் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனை அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் அனுப்பி வையுங்கள், திருவள்ளுவர் சிலைக்கு எதிரே நடந்துகொண்டிருப்பேன், பேசிப் பார்க்கிறேன்.